காலிக் கோட்டைக்குள் ஒரு நாள்



'நான் சென்று வந்த ஒரு சுற்றுலா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களில் பலர் எப்படித் தொடங்குவீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதிகாலையில் எழுந்து, குளித்து, பஸ்ஸில் ஏறி, ஆடிப்பாடிச் செல்வீர்கள். இடத்தைச் சென்றடையும்போது கட்டுரையின் முக்கால் பங்கு முடிந்திருக்கும். பின்னர் 'கண்கொள்ளாக் காட்சி' என்று ஒரு வசனம். அதன் பிறகு களைப்புடன் வீடு திரும்புவீர்கள். இவ்வாறான கட்டுரைகளை ஆண்டுக்கு நூற்றுக்கும் மேலாகத் திருத்துகிறேன். எந்த இடத்துக்குப் போனீர்கள் என்று தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் ஒரு காலத்தில் இருக்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பிக்கும்போது காலிக் கோட்டையைப் பற்றிப் பல ஆண்டுகள் குறிப்புச் சொல்லி வந்தேன். 1640இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றினர். 1796இல் அது ஆங்கிலேயரிடம் சென்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. ஒருநாள் வகுப்பில் முன்வரிசை மாணவி ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு, "ரீச்சர், நீங்கள் அந்தக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் பார்த்திருக்கவில்லை. நான் பிறந்தது 1990இல். யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையிடப்பட்ட அதே ஆண்டு. தென்னிலங்கை என்பது எங்களுக்கு வானொலிச் செய்தியில் வரும் ஊர்ப்பெயர்களாகத்தான் இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் போகாததற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை.

2017 ஓகஸ்ட் விடுமுறையில் முப்பத்தொரு பிள்ளைகளுடனும் சில பெற்றோருடனும் யாழ்ப்பாணத்திலிருந்து மாலையில் வெளிக்கிட்டோம். ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். ஒரு தாய் கடைசி நாள் வரை சம்மதிக்கவில்லை. "அவ்வளவு தூரம் எதற்கு, எங்கட பக்கத்தில் இல்லாத கோட்டையா?" என்றார். அந்தக் கேள்வி பின்னர் வேறு விதமாக என்னிடமே திரும்பி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் காலிக்குப் போனால் முதலில் செய்ய வேண்டியது, புதிய வாசலால் உள்ளே போகாமல் இருப்பது. பஸ் சாரதிகள் அந்த வழியாகத்தான் கொண்டுபோவார்கள். அது ஆங்கிலேயர் 1873இல் போக்குவரத்து வசதிக்காகத் திறந்த வாசல். துறைமுகப் பக்கமாகச் சற்று நடந்தால் பழைய வாசல் இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் ஆங்கிலேயரின் அரச சின்னத்தைக் காண்பீர்கள். அதைப் படம்பிடித்துக்கொண்டு பலர் போய்விடுகிறார்கள். உள்ளே கடந்து திரும்பிப் பாருங்கள். அங்கே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் இருக்கிறது: இரண்டு சிங்கங்கள், அவற்றின் மேலே ஒரு சேவல், கீழே ரோம இலக்கத்தில் ஓர் ஆண்டு. எங்கள் பிள்ளைகள் அந்த இலக்கத்தைக் கூட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் சண்டை பிடித்தார்கள். 1669 என்று விடை வந்தது. ஒரு வாசலின் ஒரு முகம் ஒல்லாந்தர், மறுமுகம் ஆங்கிலேயர். ஆட்சி மாற்றம் பற்றி நான் அரை மணி நேரம் சொன்னதை அந்தக் கல் ஒரே பார்வையில் காட்டியது.

சேவல் ஏன் என்று கேட்பீர்கள். போர்த்துக்கேய மொழியில் சேவலைக் குறிக்கும் சொல் 'கலோ' என்பது போல ஒலிக்கும். ஊரின் பெயரோடு அது பொருந்தியதால் சின்னத்தில் ஏறியது என்பர். ஊர்ப்பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. பரீட்சையில் இதை எழுதுவதானால் 'என்பர்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து மதில்மேல் ஏறி நடவுங்கள். நடப்பதற்குக் காசு இல்லை. கோட்டை ஏறத்தாழ 52 ஹெக்டேயர் பரப்புடையது, பதினான்கு கொத்தளங்கள் கொண்டது. நிலப்பக்கம் இருக்கும் மூன்றுக்கும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். மற்றக் கொத்தளங்களில் ஒன்று அக்கர்ஸ்லூட். காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தத் தளபதி கொஸ்டர் பிறந்த ஊரின் பெயர் அது. தூர தேசத்துக்கு வந்தவர்களும் தம் ஊர்ப்பெயரை எங்காவது எழுதி வைக்கத்தான் பார்க்கிறார்கள்.

சந்திரக் கொத்தளப் பக்கம் நின்றால் கீழே கிரிக்கெட் மைதானம் தெரியும். ஆண் பிள்ளைகள் வரலாற்றை அங்கேயே கைவிட்டுவிட்டார்கள். 2010 ஜூலை 22ஆம் திகதி முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது அந்த மைதானத்தில்தான். அது அவரது டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்து. 'அந்த முனையிலிருந்தா, இந்த முனையிலிருந்தா' என்று வாதம் நடந்தது. நானும் தடுக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு பையன் மட்டும் கதைக்காமல் நின்றான். வடமராட்சி கிழக்குக் கரையைச் சேர்ந்தவன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இந்த மைதானமும் பஸ் நிலையமும் நீரில் அள்ளுண்டன, கோட்டைக்குள் இருந்த பகுதியைப் பெரும்பாலும் மதில் காத்தது என்று நான் சொல்லியிருந்தேன். அந்த மைதானத்தில் மீண்டும் டெஸ்ட் போட்டி நடப்பதற்கு 2007 டிசம்பர் ஆயிற்று. அவனுக்கு அப்போது மூன்று வயது. அவனுடைய அம்மம்மா அன்று போனவர். "இங்கேயும் அதே நேரத்திலா ரீச்சர் வந்தது?" என்று கேட்டான். ஏறக்குறைய அதே காலைப்பொழுதில்தான் என்றேன். மதிலைத் தட்டிப் பார்த்தான். பிறகு மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். தென்பகுதி மக்களுக்கும் எங்களுக்கும் இடையே பொதுவான நாள் ஒன்று இருக்கிறது என்பது எனக்கும் அன்றுதான் உறைத்தது.

மதிலால் இறங்கி வீதிகளுக்குள் போங்கள். இதுதான் காலியின் சிறப்பு. இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். நீதிமன்றம் நடக்கிறது, பாடசாலை விடுகிறது, பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. பல வீடுகள் இப்போது விடுதிகளாகவும் நகைக் கடைகளாகவும் மாறிவிட்டன. ஒரு சோடாவின் விலையைக் கேட்டுவிட்டு எங்கள் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்கள். இருந்தாலும் உடுப்புக் காயப்போட்ட முற்றங்கள் இன்னும் உண்டு. வீதிகளுக்கு அடியில் ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள் உள்ளன. கடல் ஏறும்போது நீர் உள்ளே வந்து கழிவைக் கழுவிச் செல்லும் ஏற்பாடு. இதை நான் குறிப்பில் ஒரு வரியாக மட்டும் கொடுத்து வந்திருந்தேன்.

சிங்களம் இரண்டாம் மொழியாகப் படித்த பிள்ளைகள் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார்கள். வழி கேட்பதற்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிங்கள வசனம் தயாரித்தார்கள். வாசல் திண்ணையில் ரேந்தை விற்றுக்கொண்டிருந்த வயதான முஸ்லிம் தாய் ஒருவரிடம் அதைச் சொன்னார்கள். அவர் சிரித்துவிட்டு, "எங்கீந்து வந்தீங்க மகள்?" என்றார். அந்த மூன்று பேரின் முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுள் பலருக்கு வீட்டு மொழி தமிழ். வகுப்பில் நான் இதை ஒருபோதும் சொன்னதில்லை. ஏனென்றால் எனக்கே தெரியாது. ஆகவே காலியில் செய்ய வேண்டியவற்றுள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாரிடமாவது கதையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்க முன்னர் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹீயின் பயணத்தோடு வந்த கல் அது. 1409ஆம் ஆண்டைக் கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரக் கோயிலின் இறைவனுக்கு, காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. "காலியில் அதைத் தொட்டுப் பார்க்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துச் சென்றிருந்தேன். கடல்சார் அரும்பொருட்சாலையில் போய்க் கேட்டபோது அங்கிருந்தவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தக் கல் 1911இல் காலியில், ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது. முப்பத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். காலியில் *கண்டெடுக்கப்பட்ட* கல் என்பதை, காலியில் *உள்ள* கல் என்று நான் வாசித்திருக்கிறேன். பல்தேர்வு வினாக்களில் நீங்கள் விடும் பிழையும் இதே வகைதான்.

மறுநாள் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி அந்தக் கல்லைப் பார்த்தோம். ஓரங்களில் நாகங்கள் போன்ற பறவைநாகச் செதுக்கல். எழுத்துக்கள் தேய்ந்துவிட்டன. பிள்ளைகள் முகத்தைக் கண்ணாடிக்காரர் போல அருகில் வைத்து ஒன்றிரண்டு தமிழ் எழுத்தை அடையாளம் கண்டு கத்தினார்கள். காவலர் வந்து அமைதியாக இருக்கச் சொன்னார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் காலித் துறைமுகத்துக்கு வருபவர்கள் வாசிப்பதற்கென்று தமிழில் எழுத வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரபுப் பயணி இபன் பதூதா 1344இல் இந்த ஊர் வழியாகத்தான் சென்றார். 1880களில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி முடிந்த பின்னரே காலியின் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது.

மறந்துவிட்டேன், தேவாலயம். குரூட் கேர்க் எனப்படும் ஒல்லாந்தத் தேவாலயத்துக்கு நாங்கள் நண்பகல் வெயிலில் போனோம். அது 1755இல் கட்டி முடிக்கப்பட்டது. சிலுவை வடிவம். தரை முழுவதும் கல்லறைக் கற்கள். சிலவற்றில் மண்டையோடு செதுக்கப்பட்டிருக்கும். மிதிப்பதா விடுவதா என்று பிள்ளைகள் தயங்கினார்கள். வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை அடியெண்ணி நடந்து கொப்பியில் எழுதினாள். பிறகு என்னிடம் வந்து, "எங்கட கோட்டைக்குள்ளும் ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது என்று சொன்னீர்கள். ஏன் அங்கே இப்படி வீடு, சனம் ஒன்றும் இல்லை?" என்றாள்.

யுத்தம்தான் காரணம் என்று உடனே வாய்க்கு வந்தது. அது பாதி விடை. எழுதினால் பாதிப் புள்ளிதான் போடுவேன். காலியில் ஒல்லாந்தர் கடலுக்குள் நீண்ட ஒரு முனை முழுவதையும் மதிலால் சுற்றினார்கள். ஆகவே நகரமே கோட்டைக்குள் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1658இல் கோட்டையைப் பிடித்த பின்னர் ஐங்கோண வடிவில் அதைக் கட்டினார்கள்; அது படைக்கும் அதிகாரிகளுக்கும் உரியது. நகரம் வெளியே வளர்ந்தது. எனவே உள்ளே வீதிவீதியாக வீடுகள் முன்னரும் இருக்கவில்லை. ஆனால் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. அது போரில் அழிந்தது. இந்த இரண்டையும் பிரித்து எழுதினால்தான் முழு விடை.

மாலையில் கொடிப்பாறைப் பக்கம் சூரியன் மறைவதைப் பார்த்தோம். அங்கே சில இளைஞர்கள் பாறையிலிருந்து கடலுக்குள் பாய்ந்து காட்டிக் காசு வாங்குவார்கள். ஆழம் தெரிந்தவர்களே செய்யும் வேலை அது. நீங்கள் மதில் விளிம்பிலும் நிற்க வேண்டாம். மதிலுக்குக் கைப்பிடி கிடையாது.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போக வேண்டும் என்றார்கள். சைக்கிளில் போகும் தூரம். அவர்களில் ஒன்பது பேர் அதற்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டிருந்தன. தேவாலயம் இருந்த இடத்தில் இடிந்த சுவர்த் துண்டுகளும் முருகைக் கற்களும் புல்லும். அந்த மாணவி கொப்பியைத் திறந்து காலியில் எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு அடியெண்ணத் தயாரானாள். சற்று நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "ரீச்சர், வாசல் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு ஒரு பழைய புகைப்படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.