ஃபிராட்டன் பார்க்கின் காலி நாற்காலி

கடனில் மூழ்கிய கிளப்புக்கு மேலாளராக யார் வருவார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு போர்ட்ஸ்மவுத்தின் நினைவுதான் வரும். இங்கிலாந்தின் தென்கரையில் கடற்படைக்குப் பேர்போன துறைமுக ஊர். 1949, 1950 என்று அடுத்தடுத்து இரண்டு முறை லீக் பட்டம் வென்ற கிளப். 2008 மே மாதம் கனு அடித்த ஒரே கோலில் கார்டிஃபைத் தோற்கடித்து அவர்கள் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

அந்தக் கோப்பை கடனில் வந்தது என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. ஃபிராட்டன் பார்க் சுமார் 20,000 பேர் உட்காரக்கூடிய பழைய மைதானம். டிக்கெட் வருமானமும் அந்த அளவுதான். சம்பளப் பட்டியலோ பெரிய கிளப்புகளோடு போட்டி போட்டது. உரிமையாளர் பணம் போட்டவரை வண்டி ஓடியது. அவர் கையை விரித்ததும் நின்றது. 2009-10 பருவத்தில் மட்டும் கிளப் நான்கு உரிமையாளர்களைப் பார்த்தது. வீரர்களின் சம்பளம் பலமுறை தள்ளிப்போனது. கிளப்புக்கு வரவேண்டிய தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு பகுதியை பிரீமியர் லீக் பிடித்துவைத்து, வீரர்களை விற்றுவிட்டுக் காசு வராமல் நின்ற மற்ற கிளப்புகளுக்கு நேரே கொடுத்தது. பாக்கி கட்டாததால் கிளப்பின் இணையதளம்கூட முடங்கியது. 2010 பிப்ரவரி 26 அன்று கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. பிரீமியர் லீகில் இருக்கும்போதே அந்தக் கதிக்கு ஆளான முதல் கிளப் அதுதான். 9 புள்ளிகள் வெட்டப்பட்டன. 85 ஊழியர்களுக்கு வேலை போனது.

கடன்காரர்களின் பட்டியல் வெளியானபோது என்னைச் சுட்டது ஒரு பெயர். ஆட்ட நாளில் மைதானத்தில் முதலுதவிக்கு நிற்கும் தொண்டர் அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுக்கும் கிளப் பாக்கி வைத்திருந்தது. இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு. கிளப் நொடித்தால் வீரர்களின் சம்பளமும் மற்ற கிளப்புகளின் கடனும் முழுதாகத் தீர்க்கப்பட வேண்டும். மிஞ்சியவர்களுக்குக் கிடைத்தது கிடைக்கும். போர்ட்ஸ்மவுத் விஷயத்தில் அது ஒரு பவுண்டுக்கு 20 பென்ஸ் என்று முடிவானது. வரித்துறை நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோடிகளில் சம்பளம் வாங்கியவருக்கு முழுப் பணம், கட்டுப்போட வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு. இதை நியாயம் என்று என்னால் எந்த நாளும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்துக்கு யார் வருவார்? அப்போது மேலாளராக இருந்த அவ்ரம் கிரான்ட் அந்த நொடித்த அணியையே 2010 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய், செல்சியிடம் 1-0 என்று தோற்று, விலகிக்கொண்டார். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது.

நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த அச்சகத்தில் சம்பளம் ஐந்தாம் தேதி, பத்தாம் தேதி என்று தள்ளத் தொடங்கியதும் ஃபோர்மேன் விலகினார். அந்த வேலைக்குப் பேச வந்தவர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மெஷின்மேன்களுக்குப் போன மாதச் சம்பளம் முழுதாகப் போய்விட்டதா, பேப்பர் கடைக்காரர் இன்னும் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறாரா என்று கேட்டார்கள். எங்கள் முகங்களையும் ஒரு பார்வை பார்த்தார்கள். அப்புறம் வரவில்லை. கால்பந்து மேலாளரும் அதைத்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். தோல்வி அவருக்குப் பழக்கம்தான். வீரர்களைக் கூட்டி வைத்து "உழையுங்கள்" என்று சொல்லும்போது, மாதக் கடைசியில் அவர்களுக்குப் பணம் வரும் என்ற உறுதி அவர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த முகத்தோடு சொல்வார்?

2010 கோடையில் பொறுப்பேற்ற ஸ்டீவ் காட்டரில் அடுத்த ஆண்டு அக்டோபரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போய்விட்டார். நவம்பரில் மைக்கேல் ஆப்பிள்டன் வந்தார். முதன்முதலாகக் கிடைத்த மேலாளர் பதவி. அவர் வந்து இரண்டு வாரத்தில், கிளப்பின் உரிமையாளர் விளாதிமிர் அந்தோனோவ் ஒரு லிதுவேனிய வங்கி விவகாரத்தில் லண்டனில் கைதானார். 2012 பிப்ரவரியில் மறுபடியும் திவால், இம்முறை 10 புள்ளிகள், மூன்றாம் பிரிவு. அந்த ஆகஸ்டுக்குள் மூத்த வீரர்கள் எல்லோரும் கிளம்பிவிட, ஆப்பிள்டன் பிளிமத்துக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் பொடியன்களை இறக்கி 3-0 என்று தோற்றார். நவம்பரில் பிளாக்பூல் கூப்பிட்டது, போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்காலி மறுபடியும் காலி. அப்போது தற்காலிகமாக உட்கார்ந்தவர் கை விட்டிங்ஹாம். ராணுவத்தில் இருந்தவர், 1989இல் 450 பவுண்ட் கட்டித் தன்னை ராணுவத்திலிருந்து விடுவித்துக்கொண்டு போர்ட்ஸ்மவுத்துக்கு ஆட வந்தார். 1992-93இல் லீகில் மட்டும் 42 கோல் அடித்தார். வெளியிலிருந்து வருகிறவன் கணக்குப் பார்க்கும் இடத்தில், இவருக்குப் பார்க்கக் கணக்கு எதுவும் இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. குறுகிய கால ஒப்பந்தக்காரர்களையும் இளைஞர்களையும் வைத்துக்கொண்டு ஆடிய அணி இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வெற்றியே காணவில்லை. அப்படியும் ஃபிராட்டன் பார்க்குக்குச் சராசரியாகப் பன்னிரண்டாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணிக்கு!

அந்தக் கூட்டம்தான் கிளப்பை மீட்டது. ரசிகர்கள் 2,000 பேருக்கு மேல் ஆளுக்கு 1,000 பவுண்ட் போட்டு, நீதிமன்றப் படியேறி, 2013 ஏப்ரலில் கிளப்பைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். விட்டிங்ஹாமுக்குப் பதவி நிரந்தரமானது. ஆனால் இறங்கிப்போன நான்காம் பிரிவிலும் ஆட்டம் எடுபடாததால் அதே ஆண்டு நவம்பரில் ரசிகர்களின் கிளப்பே அவரை நீக்கியது. முடிவுகளைப் பார்த்தால் நிர்வாகத்துக்கு வேறு வழி இருந்திருக்காது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

2014இல் பழைய பாக்கிகள் தீர்ந்து, கிளப் கடனற்றதென்று அறிவித்தார்கள். அடுத்த மே மாதம் பால் குக் மேலாளராக வந்தார். அப்போது அவர் இருந்த செஸ்டர்ஃபீல்ட், ஒரு படி மேலே மூன்றாம் பிரிவில், ஏற்றத்துக்கான பிளே-ஆஃப் வரை போயிருந்த அணி. அதை விட்டுவிட்டு நான்காம் பிரிவு போர்ட்ஸ்மவுத்துக்கு இறங்கி வந்தார். இழப்பீடு கொடுத்துத்தான் அவரை அழைத்துவர வேண்டியிருந்தது. கொடுக்க கிளப்பிடம் பணம் இருந்தது. 2017இல் அவர்தான் அந்தப் பிரிவின் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார்.