முகப்பேரிலிருந்து கப்பல் ஏறினோம்

முகப்பேரில் கடல் கிடையாது. ஏரி உண்டா என்று கேட்டால், பெயரில் உண்டு. நாங்கள் குடியிருக்கும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்று பெயர். ஏரியைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் வரிசை வரிசையாய் மாடி வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சில தெருக்களுக்குத் தங்கள் பூர்வாசிரமம் ஞாபகம் வந்துவிடும்.

மற்றபடி எங்கள் ஊருக்குப் பெருமை சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில்தான். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் அநேகம். 'மகப்பேறு' என்பதே 'முகப்பேர்' ஆயிற்று என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து 2023-ஆம் வருஷத்தில் ஒரு நாள் நானும் அம்மாவும் பெட்டியோடு புறப்பட்டோம். ஆட்டோக்காரர், "சென்ட்ரலா, எழும்பூரா?" என்று கேட்டார்.

"துறைமுகம். கப்பலுக்கு" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே அவள் ஒரு மாதமாகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்!

கரீபியன் கப்பல்

'உல்லாசக் கப்பல்' என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? கரீபியன் கடல், தென்னை மரத் தீவுகள், வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டிகள்! நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? சம்பந்தம் இருக்கிறது.

நாங்கள் ஏறிய கப்பலின் பெயர் 'எம்ப்ரஸ்'. சென்னையிலிருந்து இலங்கைத் துறைகளுக்கு அது புறப்பட்ட முதல் பிரயாணத்தை 2023 ஜூன் 5-ஆம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். ஆனால் கப்பல் புதிதல்ல. பிரான்ஸ் தேசத்தில் கட்டி, 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் வெள்ளோட்டம் கண்டது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் வருஷக்கணக்காக ஓடியது. 2017-லிருந்து 2019 வரை கியூபாவின் ஹவானாவுக்குக்கூடப் போய்வந்தது. கடைசியில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. சுமார் 210 மீட்டர் நீளம், 11 தளங்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம தெரு முழுக்க இதிலே அடங்கும் போலிருக்கே!" என்றாள்.

அது மட்டுமல்ல. கரீபியன் தீவுகளுக்கும் நமக்கும் அதைவிடப் பழைய பந்தம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே சென்னைத் துறையிலிருந்தும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றன. மார்ட்டினிக் தீவுக்கு 1853-லும், குவாதலூப் தீவுக்கு 1854-லும் முதல் கூட்டம் போய் இறங்கியது. சுமார் மூன்று மாதப் பிரயாணம். திரும்பி வந்தவர்கள் சிலரே. இன்றைக்கும் அந்தத் தீவுகளில் மசாலாக் குழம்புக்குக் 'கொலம்போ' என்று பெயர். செயின்ட் லூசியா, டொமினிகா தீவுகளில் பெண்கள் விசேஷ நாட்களில் உடுத்தும் கட்டம் போட்ட துணிக்கு என்ன பெயர் தெரியுமா? 'மெட்ராஸ்'! கரீபியன் பிரயாணம் போகிற நம்மவர் யாராவது அங்கே ஆசையாய் ஒரு முழம் வாங்கி வந்தால், அது ஊருக்குத் திரும்பி வந்த துணி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆச்சி கேட்டது

எங்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் ஒரு ஆச்சி இருக்கிறார். காங்கேசன்துறைக்காரர். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தின் வடகரை ஊர்கள் யுத்தத்தில் காலியானபோது, கட்டிய புடவையோடு கிளம்பியவர். பல இடம் அலைந்து கடைசியில் முகப்பேர் வந்து சேர்ந்தார். எங்கள் கப்பல் நிற்கும் துறைகளின் பட்டியலை அம்மா அவரிடம் பெருமையாக வாசித்துக் காட்டினாள். அம்பாந்தோட்டை, திருக்கோணமலை என்றபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாவது பெயரைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"காங்கேசன்துறையிலையோ நிக்குமாம்?"

"ஆமாம் ஆச்சி. என்ன வாங்கி வரட்டும்? பனங்கட்டியா?"

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. எங்கடை வளவுக்குள்ளை நிண்டு பாத்தால் வெளிச்சவீடு தெரியும். இரவிலை சுவரிலை வெளிச்சம் விழுந்து போகும்; அதை எண்ணி எண்ணித்தான் நாங்கள் நித்திரை கொள்ளுறது. அது இன்னும் நிக்குதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லு."

வெளிச்சவீடு என்றால் நம் கலங்கரை விளக்கம். எவ்வளவு அழகான பெயர், பாருங்கள்! காங்கேசன்துறையின் வெளிச்சவீடு 1893-இல் கட்டியது. "இது ஒரு பெரிய காரியமா?" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

கப்பல் வாழ்க்கை

ஏறியதும் முதல் வேலை, விருந்தல்ல, ஒத்திகை. ஆபத்துக் காலத்தில் எந்தப் படகுக்கு எந்த வழியாகப் போவது, மிதவைச் சட்டையை எப்படிப் போட்டுக் கொள்வது என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். சிரத்தையாகக் கேளுங்கள். 1912-இல் 'டைட்டானிக்' முழுகிய பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது.

பிறகு ஏக அமர்க்களந்தான்! நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, சூதாட்ட அறை, வேளைக்கு வேளை சாப்பாடு. சைவம் தனி, ஜைனருக்கென்று வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் தனி. அம்மா மறக்காமல் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை பெட்டியிலேயே இருந்தது.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. முதலில் பதற்றம், பிறகு நிம்மதி. அலை அதிகமானால் தலை சுற்றும். அதற்குச் சில யோசனைகள்: அறை எடுக்கும்போது கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள், ஆட்டம் குறைவு. ஜன்னல் இல்லாத அறை மலிவு. ஆனால் தலை சுற்றுகிறவர்கள் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது. இஞ்சி மரப்பா கைவசம் இருக்கட்டும். பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பிரயாணம் நடக்காது. கடிகாரத்தை மட்டும் தொட வேண்டாம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரந்தான்.

மூன்று துறைகள்

முதல் துறை அம்பாந்தோட்டை. இலங்கையின் தென்கோடி. 'சம்பான்' என்னும் தோணிகள் வந்து ஒதுங்கிய தோட்டை என்பார்கள். உப்பளங்கள் நிறைந்த ஊர். 2004 சுனாமியில் பெரும் சேதம் கண்ட ஊர். இப்போதுள்ள துறைமுகம் 2010-இல் திறந்தது. 2017-இல் ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போய்விட்டது. நாங்கள் இறங்கியதும் நேரே கதிர்காமத்துக்கு வண்டி பிடித்தோம். அருணகிரிநாதர் பாடிய ஸ்தலம் அல்லவா? அங்கே கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகத்தைப் பார்க்க முடியாது. முருகன் படம் தீட்டிய திரைதான் தொங்கும். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்வார். தமிழரும் சிங்களவரும் ஒரே திரைக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறார்கள். அம்மா வெளியே வந்து வெகு நேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வம்!

இரண்டாவது, திருக்கோணமலை. இயற்கையே வெட்டிக் கொடுத்த ஆழமான துறைமுகம். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. அந்த மாதம் சென்னை நகரமே பயந்து பாதி காலியாயிற்று. பாட்டிமார்கள் சொல்லும் 'இவாக்குவேஷன்' கதைகளின் ஒரு முனை இந்தத் துறையில்தான் இருக்கிறது. மலையுச்சியில் சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622-இல் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1956-இல் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, கோயிலின் கற்களைக் கண்டார்கள். இன்று அந்தக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன. நாம் நடந்தால் அவை நகர்வதுகூட இல்லை.

மூன்றாவதுதான் காங்கேசன்துறை.

விடிந்ததும் மேல்தளத்துக்கு ஓடினேன். பனை மரங்கள் ஒரு கோடாய்த் தெரிந்தன. 1990-இல் நின்றுபோன சிமெண்டுத் தொழிற்சாலை தெரிந்தது. அப்புறம் ஒரு கோபுரம். வெளிச்சவீடு! நின்றுகொண்டுதான் இருந்தது. உடனே செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

காங்கேயன் என்றால் முருகன். மாவிட்டபுரம் கோயிலுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த முருகன் விக்கிரகம் இறங்கிய துறை ஆதலால் இந்தப் பெயர் என்கிறது ஸ்தல வரலாறு. சோழ ராஜகுமாரி ஒருத்தி, குதிரை முகத்தோடு வருந்தியவள், கீரிமலையில் நீராடி அந்த முகம் நீங்கப் பெற்றாளாம். மா விட்ட புரம், மாவிட்டபுரம். கீரிமலைக் கேணியில் நானும் காலை நனைத்தேன். அலை எட்டும் தூரத்தில் கடல். இந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் நன்னீர். பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு வடபகுதி ஜனங்கள் தகப்பனாரை நினைத்து நீராடும் இடம் இது.

பிறகு ஆச்சி சொன்ன அடையாளத்தை வைத்து அவருடைய வளவைத் தேடினோம். யுத்தம் 2009-இல் முடிந்தபின் இந்தப் பக்கத்து நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக்காரர்களிடம் திரும்பி வருகின்றன. எல்லாம் இன்னும் வரவில்லை. ஒரு ஒழுங்கை வரை போனோம். அதற்கு மேல் முள்கம்பி. கம்பிக்கு அப்பால் புதர். புதருக்குள் ஒரு கிணற்றுக் கட்டு. ஆச்சியின் கிணறுதானா என்று எப்படிச் சொல்வது? வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கப்பல் யாருக்காகவும் காத்திராது. யாழ்ப்பாணம் போய் நல்லூரையும், 1981-இல் எரிந்து மறுபடி எழும்பிய நூலகத்தையும் வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசர அவசரமாகத் திரும்பினோம்.

அன்று இரவு கப்பலில் மாயாஜாலக் காட்சி. முயல் மறைந்தது, புறா வந்தது. நானும் அம்மாவும் கைதட்டினோம். கப்பல் எப்போது நங்கூரம் எடுத்தது என்றே எங்களுக்குத் தெரியாது.

ஒரு கேள்வி

வீடு வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் கீழே போய் ஆச்சியிடம் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கோபுரத்தின் உச்சியைத் தொட்டார்.

"நிக்குது" என்றார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "இரவிலை வெளிச்சம் சுத்துதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? அந்த நேரத்தில் நான் முயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா?

"பார்க்கவில்லை ஆச்சி" என்றேன்.

"அதுக்கென்ன, பிள்ளை. கட்டிடம் நிக்குதெல்லே" என்று சொல்லி, அம்மாவுக்குத் தேநீர் போட எழுந்து போனார். அவர் என்னைச் சமாதானப்படுத்தியதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

ஆகையால் சகோதரிகளே, உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். துறைக்குத் துறை சில மணி நேரந்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். புறப்படுமுன், உங்கள் தெருவில் அந்த ஊர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் கேட்கும் ஒரு காரியத்தை வாங்கிக்கொண்டு போங்கள். அதை முழுதாக முடித்த பிறகு மாயாஜாலம் பார்க்கலாம். கப்பல் துறையை விட்டுக் கிளம்பும்போது உள்ளே இராதீர்கள், மேல்தளத்தில் நில்லுங்கள்.

உல்லாசக் கப்பல்கள் பருவத்துக்குப் பருவம் துறைகளை மாற்றிக்கொள்ளும். விசாரித்துவிட்டுச் சீட்டு எடுங்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஒன்றும் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாகையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து வேலூர் போவதைவிடக் கூடக் கிட்டம்.

உங்களில் யாராவது எந்த வழியாகவாவது அந்தப் பக்கம் போனால், இருட்டிய பிறகு ஒரு பத்து நிமிஷம் வடகரையைப் பாருங்கள். வெளிச்சவீட்டில் வெளிச்சம் சுற்றுகிறதா என்று நம் காரியாலயத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். முகப்பேரில் ஆச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார்.