புகார்ப் புத்தகம்

பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சமூக வலைத்தளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். தெரிந்தது சொற்பமே. ஆனால் புகாரைப் பற்றி நாம் நன்கு அறிவோம். வடக்கே ஒரு ஜங்ஷனில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏச்சு வாங்குவதே நமது உத்தியோகத்தில் பாதி.

2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதன்பேரில், நம் நாட்டவர் பலர் சினங்கொண்டு மாஸ்டடான் என்னும் தளத்திற்குக் குடிபெயர்ந்தனர். நாமும் மூட்டை கட்டினோம். யானையை ஒத்த, மறைந்துபோன ஒரு விலங்கின் பெயர் அது. 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் அதைத் தோற்றுவித்தார். ஒரே முதலாளியின் கட்டிடமன்று. வெவ்வேறு மக்கள் நடத்தும் பல சர்வர்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு. நமது ரயில்வேயில் ஒரு மண்டலம் ஏற்றிய பார்சலை மற்றொரு மண்டலம் இறக்கிக்கொள்வதில்லையா, அதைப் போல. மூல நிரலும் பகிரங்கமானது. எவரும் எடுத்துத் திருத்தி நடத்தலாம், திருத்தத்தையும் பகிரங்கமாக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இனாமாகக் கிடைத்த பொருளில் குறை காணலாமா? கண்டார்கள், ஏராளமாகக் கண்டார்கள். முக்கியமான குறை, பிறர் எழுதியதை மேற்கோளாக எடுத்துத் தம் கருத்தைச் சேர்த்து வெளியிடும் வசதி இல்லை என்பது. ஒருவரைச் சந்தியில் நிறுத்தி ஏளனம் செய்யவே அது உதவும் என்று கருதி, ரோச்கோ வேண்டுமென்றே விலக்கியிருந்தார். 2022-இல் ட்விட்டர் கைமாறிய பின் வந்தவர்களில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர், தாங்கள் உரையாடும் முறையே அதுதான் என்றனர். வேண்டுமானால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று சிலர் விடையிறுத்தனர். நிரல் எழுதத் தெரியாதவனுக்கு அது விடையாகுமா? பார்சல் உடைந்தது என்பவரிடம், "நீரே ரயில் ஓட்டிக்கொள்ளும்" என்பதற்கு ஒப்பாகும். நியாயம் குறை கூறியவர்கள் பக்கமே என்று அன்றும் கருதினோம், இன்றும் கருதுகிறோம்.

ஆனால் நியாயத்தோடு நாம் நிற்கவில்லை. ஓரிரவு அந்த மனிதரைச் சர்வாதிகாரி என்று தொடங்கி, சொல்லத் தகாத நான்கு வரிகள் தீட்டினோம். பலர் மெச்சினர். மறுநாள் காலை நம் ஜன்னலுக்கு ஒரு பெரியவர் வந்தார். மகளுக்கு அனுப்பிய தையல் இயந்திரம் ஒன்பது நாளாகப் போய்ச் சேரவில்லை. ரசீதில் ஸ்டேஷன் பெயரை மாற்றி எழுதியது நாமேதான். அவர் புகார்ப் புத்தகத்தை வாங்கி, இயந்திரத்தைப் பற்றி ஒரு வரியும் நம்மைப் பற்றி ஐந்து வரியும் எழுதினார். மதராஸிக்கு எழுத்தறிவேது என்பது அவற்றுள் சாதுவானது. அந்த ஒரு வரி முற்றிலும் உண்மை. ஐந்து வரிகளைத்தான் வீட்டில் இல்லாளிடம் சொல்ல நா எழவில்லை. அன்றிரவே நமது நான்கு வரிகளை அழித்தோம்.

2023-இல் ரோச்கோ இணங்கினார். 2025 நவம்பரில் 4.5 பதிப்பில் அந்த வசதி வந்தது. தம் எழுத்தை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கலாம். பின்னர் விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். புகாரும் ஏற்கப்பட்டது, அவரது பழைய அச்சத்திற்கும் இடம் கிடைத்தது.

அதே மாதம் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். முன்னொரு கோடையில் ஒரு பயனருடன் நேர்ந்த கசப்பான அனுபவமே ஒதுங்கவேண்டும் என்று தமக்கு உணர்த்தியதாக எழுதியிருந்தார். அந்தப் பயனர் நாம் அல்லோம். நம் வரிகள் தமிழில் இருந்தன, அவையும் என்றோ அழிந்துவிட்டன. ஆயினும் அக்கடிதத்தை இருமுறை படித்தோம்.

தையல் இயந்திரம் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தது. மூடியில் மட்டும் ஒரு கீறல்.