பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னல்

அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் நான் சரியென்று சொன்னேன். சுவரிலிருந்து வெளியே தள்ளிக் கட்டியிருந்தார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே ஒருவர் காலை நீட்டிச் சாய்ந்துகொள்கிற அளவுக்கு மரத்திண்ணை, அதன்மேல் மஞ்சள் மெத்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. பாதி மலையை மூடிக்கொண்டு ஒரு மேகம். என் கணவர் செல்போனை நீட்டியபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மெத்தைமேல் ஒரு புத்தகத்தைப் பாதியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து மீதியைப் படிக்கப்போவது நான்தான் என்று மனசில் பட்டுவிட்டது.

அந்தத் தை மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். மாமியார் ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்து, ஆவணியில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கோயில், கல்யாணம், துக்கம் என்று எந்தக் காரணமும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பப்போவது அதுதான் முதல் தடவை. ஓட்டல் வேண்டாம், கொடைக்கானலில் ஒரு வீடாகவே எடுத்துக்கொள்வோம் என்றார் அவர். மூன்று ராத்திரிக்கு 13,500 ரூபாய். நான் தலையாட்டியதும் மொத்தப் பணத்தையும் அன்றைக்கே கட்டிவிட்டார்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக எங்கள் காரிலேயே ஏறினோம். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம்; அதை முந்தின நாளே எடுத்து அச்சடித்து வைத்திருந்தார். சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் வரி என்பதால், பரணில் கிடந்த எவர்சில்வர் கூஜாவைத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அந்தக் கூஜா என் மடியில் குலுங்கிக்கொண்டே வந்தது. நான் ஜன்னலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏரியிலிருந்து 3 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். வில்பட்டிப் பாதையில் திரும்பி வீட்டு வாசலில் நிற்கும்போது வண்டியின் மீட்டர் 8 காட்டியது. வரைபடம் மலையின் குறுக்கே நேர்கோடு போட்டு அளக்கிறது. மலைப்பாதைக்கு நேர்கோடு ஏது? அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சாவியோடு ஓடி வந்தார். பூம்பாறைக்காரர், முப்பது வயதிருக்கும். "வாங்க சார், வாங்கக்கா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலைத் தேடிப் போனேன்.

ஜன்னல் இருந்தது. மூன்று பக்கக் கண்ணாடி, மரத்திண்ணை, வெயிலில் வெளிறிப்போன அதே மஞ்சள் மெத்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர். பூசாத சிமெண்ட் கல் சுவர், ஏழடி தள்ளி, தரையிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற உயரம்வரை. தைல மரக் கம்புகளால் சாரம் கட்டியிருந்தார்கள். கட்டு இறுகுவதற்காக ஊற்றிய தண்ணீர் கற்களின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பில் கொத்தனாரின் நீலச் சட்டை காய்ந்தது. நான் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தேன், கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன், எழுந்து நின்றும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் சுவர்தான். தொண்டையை அடைத்தது. ஒரு ஜன்னலுக்காக ஐம்பது வயதில் அழுவதா என்று அடக்கிக்கொண்டேன்.

சென்னையில் இருக்கும் உரிமையாளரை அவர் போனில் பிடித்தார். "நாங்க பொய்யா எதுவும் போடலையே சார். அந்த ஜன்னல்தானே படத்துல இருக்கு? எடுத்து ரெண்டு வருஷமாச்சு. பக்கத்து இடத்துக்காரர் கட்டுனா நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அந்த மனிதர். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடனே பதில் வரவில்லை. படம் எடுத்த அன்று அது உண்மைதான். ஆனால் சுவர் ஒரே நாளில் எழும்பியிருக்காது. அஸ்திவாரம் தோண்டியதும், கல் வந்து இறங்கியதும், வரிசை வரிசையாக ஏறியதும் தெரிந்துகொண்டே அந்தப் படத்தை முதல் படமாக வைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதைப் பொய் என்றுதான் நான் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெந்நீர் ஒரு வாளிக்கு மேல் வராது. கணப்புக்கு வைத்திருந்த சீகை விறகு ஈரம்; புகைதான் வந்தது. ஹால், படத்தில் கல்யாண மண்டபம்போல் தெரிந்தது. நேரில் எங்கள் மதுரை வீட்டு முன்னறையைவிடச் சின்னது. இதில் மட்டும் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தபோது, டைல்ஸின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருந்தது. இரண்டடி டைல்ஸ், சோபாச் சுவரோரம் ஐந்து, ஆக பத்தடி. அகன்ற லென்ஸ் அறையின் ஓரங்களை இழுத்து விரித்துக் காட்டும். ஐந்து டைல்ஸை ஏழாக்க அதனால் முடியாது. அன்றைக்கு வெண்டைக்காயை வைத்துவிட்டுத் தரையை எண்ணியிருந்தால் வீட்டின் அளவு அங்கேயே தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் சமையல்கட்டில்தான் சண்டை வந்தது.

"முழு வசதியுள்ள சமையலறை" என்று போட்டிருந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்துவதற்காக வைத்திருந்தாராம். அலமாரியைத் திறந்து, "பாத்தியா, எல்லாம் இருக்கு. ஊர்ல மாதிரியே நீ செஞ்சுக்கலாம்" என்றார். அங்கே ஒரு அடுப்பு, அடி நெளிந்த இரண்டு பாத்திரம், கைப்பிடி போன வாணலி இருந்தன. குக்கர் இல்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகவைப்பது எவ்வளவு நேர வேலை என்று அடுப்படியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். முக்கால் மணி நேரம் நின்றேன். கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கினேன். நடுவில் வெள்ளையாகக் கடுக்கென்று இருந்தது. இன்னும் கால் மணி நேரம். ஜன்னலில்லாத அந்தச் சமையல்கட்டில், ஸ்வெட்டர்மேல் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றபோது, மதுரையில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த இடத்தில்தான் நிற்கிறேன் என்று உறைத்தது.

"ஏங்க, இங்க வந்தும் நான்தான் பொங்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "உனக்குத்தான் வெளிச்சாப்பாடு ஆகாதே" என்றார்.

எனக்கு எப்போது ஆகாமல் போனது? யோசித்தால் புரிந்தது. அத்தை படுக்கையில் இருந்த வருடங்களில் அவர் எத்தனையோ தடவை, "இன்னைக்கு வாங்கிட்டு வந்துரவா?" என்று கேட்டிருக்கிறார். "வேண்டாம், எனக்குச் சேராது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது நான்தான். அத்தைக்குக் குழைய வடித்த சோறும் உப்பில்லாத ரசமும் எப்படியும் வைத்தாக வேண்டும். இரண்டு சமையலாக இழுத்துக்கொள்வானேன் என்று அப்படிச் சொன்னேன். அதை அவர் நம்பினார். நம்பி, எனக்காகவே தேடித் தேடிச் சமையல்கட்டு உள்ள வீடாகப் பிடித்திருக்கிறார்.

"உங்களுக்கும்தான் வயித்துப்புண்ணு. ஓட்டல் காரம் ஆகாதுன்னு நான் இட்லிப் பொடியிலேர்ந்து தனியா அரைச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றேன்.

"அந்த மாத்திரையை டாக்டர் நிறுத்தி ரெண்டு வருஷமாச்சேம்மா. ஆபீஸ் கேண்டீன்ல பரோட்டாவே திங்கிறேன்."

ரெண்டு வருஷம். அந்த ஜன்னல் படத்தின் வயதும் அதுதான். அடுப்பை அணைத்துவிட்டு, பருப்புப் பாத்திரத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனோம். ஏழு ரோடு பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் அவர் கொத்துப் பரோட்டாவும் நான் நெய் தோசையும் சாப்பிட்டோம். கண்ணாடி டம்ளரில் டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவர் பரோட்டா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லாமல் இரண்டு வருடமாகச் சாப்பிட்டிருக்கிறாரே என்று கோபம் வரவில்லை. நான் கேட்கவே இல்லையே என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனோம். புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றால் சுவருக்கு மேலாகப் பள்ளத்தாக்கு தெரிந்தது, படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக, மேகம் எதுவும் இல்லாமல். பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் ஊற்ற வந்த கொத்தனார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இங்கயும் அந்த மாதிரி ஜன்னல்தான்கா வருது, அந்தப் பக்கம் பாத்து" என்றார். எட்டிப் பார்த்தேன். அவர் கட்டுகிற ஜன்னலுக்குக் கீழே, சரிவில், புதிதாகச் சமன்செய்த ஓர் இடத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தது.

கொடைக்கானல் கதையே எங்கள் ஊரிலிருந்து ஏறிப் போனவர்களின் கதைதான். மதுரை வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஏறிய அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் ஏரியை உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச். கீழேயிருந்து வருகிற ஒவ்வொருவரும் தாங்கள் பார்க்க ஆசைப்பட்டதை இந்த மலையில் கட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒரு பங்களாவின் ஜன்னலை இன்னொரு பங்களா மறைக்காத அளவுக்கு அன்றைக்கு இடம் இருந்தது. 1993-இல் வந்த மாஸ்டர் பிளானை மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்றம் சீல் வைக்கச் சொல்லும் அளவுக்குப் பிறகு நெருக்கினார்கள். அந்த முளைக்குச்சிகளைப் பார்த்தபோது, என் ஜன்னல் போனதைவிட மலை போவதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வாடகை கொடுத்து வந்து நிற்கும் எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வீடு எடுத்த செயலிக்குப் புகாரை என் கணவர்தான் எழுதினார். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இப்படிப்பட்ட செயலி நடத்துகிறவர்கள் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அப்படியும் நடக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி வாடகை 4,500 ரூபாய் திரும்பி வந்தது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது மதிப்புரை எழுதுவதுதான். கிளம்புகிற காலையில் அந்தத் தம்பி ஒரு மஞ்சப்பை நிறைய மலைப்பூண்டு கொண்டுவந்து கொடுத்தார், அவர் அப்பா தோட்டத்தில் விளைந்தது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. தயங்கித் தயங்கி, "அக்கா, ஸ்டார் கொறஞ்சா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு" என்றார். முந்தின நாள் ராத்திரி புகை அடைத்தபோது, தன் வீட்டு அடுப்புக்கு வைத்திருந்த காய்ந்த விறகைச் சுமந்து வந்து கணப்பை மூட்டிக் கொடுத்தவர் அவர். சுவரைப் பற்றி எழுதினால் அடி அவர்மேல் விழும். எழுதாவிட்டால், எங்கேயோ ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

கடைசியில் இப்படிச் செய்தேன். ஜன்னல் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியும் சுவரும் சாரமும் தெரிய ஒரு படம் எடுத்தேன். தேதியைப் போட்டு, "ஜன்னலில் இன்று தெரிவது இது. படத்தை மாற்ற வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு" என்று எழுதினேன். சமையல்கட்டில் குக்கர் இல்லாததை எழுதினேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் கவனிப்பைத் தனியாக நான்கு வரி எழுதி, பணியாளருக்கென்று இருந்த கட்டத்தில் ஐந்து நட்சத்திரமும் போட்டேன். அது அவரைக் காப்பாற்றியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் பூண்டு சித்திரை வரை வந்தது.

இந்த மே விடுமுறைக்குத் தரங்கம்பாடி போகலாம் என்று இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "ஜன்னலுக்கு நேர் எதிர்ல என்னங்க இருக்கு? இன்னைக்கே ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பழசு வேண்டாம்" என்று சொல்வது சமையல்கட்டு வரை கேட்டது. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"சமையல்கட்டும் இருக்காம்மா. வேணுமா?"

"வேணாங்க" என்றேன்.