பிரஷ்ஷில் அடித்த வண்டி

சரக்கு வண்டி வைத்திருப்பவனுக்குப் பெயிண்ட் நினைப்பு வருவது எஃப்.சி. நெருங்கும்போதுதான். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தகுதிச் சான்று வாங்கினால் போதும். அதற்குமேல் வருடாவருடம் வாங்க வேண்டும். என் டாடா ஏஸ் எட்டை எப்போதோ தாண்டிவிட்டது. 2005-இல் இந்த மாடலைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது முக்கால் டன் பாரத்துக்கு, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு செய்தார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றுகிற விவசாயி அந்த முக்கால் டன்னை மதிப்பார் என்று கம்பெனிக்காரர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

பட்டறையில் கொடுத்தால் வேலை அழகாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கேட்கிற தொகையில் பெயிண்ட்டுக்குப் போவது கொஞ்சம், தேய்க்கிற கூலிக்குப் போவதுதான் அதிகம். கூலி கூடாது என்று நான் சொல்லவில்லை, தேய்த்துப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் அந்தத் தேய்ப்பை என் கையாலேயே செய்ய முடியும். போதாக்குறைக்கு, எந்தப் பட்டறைக்குப் போனாலும் நமக்கு முன்னால் இரண்டு வண்டி நிற்கும். வண்டி நிற்கிற நாளெல்லாம் வாடகை போச்சு, மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

காசைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஸ்ப்ரே கன்னில் அடித்த வழவழப்பான பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். பிரஷ் வைத்துத் தொட்டால் ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும். அசிங்கமாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடுவோம். விட்ட இடத்தில் துரு உள்ளே போகும். தக்காளிப் பெட்டி ஏற்றுகிற வண்டியில் கீறல் தினமும் விழும். அதனால் சரக்கு வண்டிக்கு நல்ல பெயிண்ட் எது என்று என்னைக் கேட்டால், ஓட்டுகிறவனே சாயங்காலம் வீட்டு வாசலில் தொட்டுச் சரிசெய்யக்கூடிய பெயிண்ட் என்பேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரண எனாமல்தான் அது. அடிக்க நல்ல பிரஷ் ஒன்றும் நான்கு அங்குல ரோலரும் போதும்.

எனக்குத் தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஏன் தம்பி, வண்டியச் செவருன்னு நெனச்சுட்டியா?"

"செவுத்துக்கு அடிச்சா அஞ்சு வருசம் இருக்குல்லண்ணே. நீங்க அடிச்ச பின்கதவு அடுத்த மழைக்கே கொப்புளிச்சுருச்சே" என்றேன்.

"அது பெயிண்டு தப்பில்ல. அடியில துரு" என்றார்.

அவர் சொன்னது சரி. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். பெயிண்ட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே இருப்பதைத் தூக்கும். வெளியே ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் முதல் வேலை முகப்பில் இல்லை. கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேல் வளைவு, முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழ், மிதியடிக்கு அடியில் இருக்கிற தகடு, பாடியின் தரையும் பக்கப் பலகையும் சேருகிற மூலை. இந்த இடங்களைப் பார்க்காமல் அடிக்கிற பெயிண்ட் எஃப்.சி. தேதிவரை தாங்கும், அவ்வளவுதான்.

கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதில் புழுதி அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தங்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டால் தீர்ந்தது, காசே ஆகாது. பாடியின் தரைதான் ரொம்பப் பாவம். நசுங்கிய தக்காளிச் சாறு புளிப்பு. அது மூலையில் வடிந்து, வெங்காயச் சருகோடும் மண்ணோடும் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும். உரமூட்டை ஏற்றினால் சிந்துகிற யூரியா காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நான் முகப்புக்கு இரண்டு கோட் அடித்தால் தரைக்கு மூன்று அடிப்பேன், அதுவும் மூலைகளில் பிரஷ்ஷைக் குத்திக் குத்தி.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். நம் ஊர் ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி மினுங்கட்டும் என்று துணியில் டீசலைத் தொட்டுத் துடைப்பார்கள். நாள்பட்ட அந்த எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் உப்புத்தாள் போட்டால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து இறக்குகிறோம் என்று அர்த்தம். பெயிண்ட் அடித்ததும் அங்கங்கே வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். துணி சோப்புத்தூளில் நன்றாகக் கழுவி, காயவைத்து, டர்பெண்டைன் தொட்ட சுத்தமான துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்த பிறகே உப்புத்தாளைக் கையில் எடுக்கலாம்.

துரு உள்ள இடத்தில் வயர் பிரஷ், பிறகு 80 நம்பர் தாள், வெள்ளை இரும்பு தெரியும்வரை. குழிக்குள் போய்விட்ட துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கிடைக்கிறது. அது மிச்சத் துருவைக் கறுப்பான பாஸ்பேட்டாக மாற்றிவிடும். பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கிற இடத்தை வேரோடு எடுக்க வேண்டியதில்லை. 220, 320 என்று தேய்த்து மினுக்கம் போனால் போதும். புதுப் பெயிண்ட் பிடிக்க அதுவே நல்ல அடித்தளம். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தால்தான் திருப்தி என்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாடகை வண்டி இருக்காது.

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதா, உலர்வாகவா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. பழைய பெயிண்ட்டைத் தண்ணீர் தொட்டே தேய்ப்பேன், தூசி பறக்காது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் விதி செய்து 2017 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அது வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுக்கான விதி. பழைய லாரிகளின் மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருக்கிறதோ, அந்தத் தூசியைப் பிள்ளைகள் விளையாடுகிற வாசலில் பறக்கவிடக் கூடாது. ஆனால் வெறும் இரும்பில் தண்ணீர் பட்டால் உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும், மத்தியானத்துக்குள் செம்பழுப்புப் பூத்துவிடும். பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவே மாட்டேன். ஹார்டனர் கலந்து போடுகிற பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னால் பெயிண்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

பட்டியைப் பற்றி இன்னொன்று. நசுங்கலை நிரப்பத்தான் பட்டி, ஓட்டையை அடைக்க அல்ல. ஓட்டை விழுந்த தகட்டுக்கு வெல்டிங் பட்டறைதான் கதி, அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது. சரக்கு வண்டியில் நான் பட்டி போடுவதே குறைவு. பாடியின் பக்கப் பலகையில் இருக்கிற நசுங்கலுக்குப் பட்டி போட்டு இழைத்தால், அடுத்த பாரத்தில் அது சில்லு சில்லாக உதிரும். முகப்பில் மட்டும் மெல்லிசாக.

அடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர். வெறும் இரும்பு தெரிகிற எல்லா இடத்திலும், தேய்த்த அன்றைக்கே அடித்துவிட வேண்டும். ராத்திரி பனியில் ஒரு நாள் வெறும் தகடாகக் கிடந்தால் தேய்த்ததெல்லாம் வீண்.

எந்தப் பெயிண்ட் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும், நிமிஷக் கணக்கு. ஆனால் கம்ப்ரஸர் வேண்டும், கன் வேண்டும். மழைக்காலத்தில் ஆவியாகிற வேகத்தில் பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கி வெளிறிப்போகும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட்தான் பளபளப்பில் ராஜா. அதன் ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை அது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். வீட்டு வாசலில் அதை அடிப்பதற்கு நான் எதிரி. மூன்றாவது எனாமல். லிட்டர் 300, 400 ரூபாய், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒரு நான்கு லிட்டர் டப்பாவில் சின்ன வண்டிக்கு இரண்டு கோட் அடித்து மிச்சமும் வைக்கலாம். குறை இல்லாமல் இல்லை. வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் மினுக்கம் மங்கும், காய நேரம் எடுக்கும்.

இந்தக் காய்கிற விஷயத்தில்தான் பலபேர் அவசரப்படுகிறார்கள். எனாமல் தின்னர் பறந்துபோவதோடு காய்ந்துவிடுவதில்லை. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. சீக்கிரம் காயட்டும் என்று என்.சி. தின்னரை ஊற்றிக் கலந்தால் மேலே ஏடு மட்டும் கட்டும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அடுத்த கோட் விழுந்ததும் அடிக்கோட் பொங்கிச் சுருங்கிவிடும். கெட்டியாக ஒரே கோட்டில் முடித்தாலும் அதே கதிதான். டர்பெண்டைன் கொஞ்சமாகக் கலந்து, அடியில் இருப்பது லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக முதல் கோட். மறுநாள் 400 தாளால் லேசாக ஒரு தேய், துடை, இரண்டாவது கோட்.

மாசி, பங்குனி நல்ல காலம். ஆடிக்காற்றில் திண்டுக்கல் பக்கத்தில் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதே வேண்டாம். வேப்பமர நிழல் சுகமாகத்தான் இருக்கும், பூவும் எறும்பும் பெயிண்ட்டில் ஒட்டும்போது தெரியும் அதன் விலை. பனி காய்ந்த பிறகு தொடங்கி, தகடு கையைச் சுடுவதற்கு முன் நிறுத்த வேண்டும். சூடான தகட்டில் பிரஷ் இழுபடும். சாயங்காலம் லைட் போட்டு அடித்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்டில்தான் இறங்கும். தொடங்குமுன் வாசலில் தண்ணீர் தெளித்துவிடுவது வழக்கமான காரியம்தானே, இங்கே அதனால் புழுதியும் அடங்கும்.

கண்ணாடி ரப்பரைக் கழற்ற வேண்டாம். ரப்பரின் உதட்டுக்கு அடியில் சன்னக் கயிற்றை நுழைத்துச் சுற்றிவிட்டால் ரப்பர் தூக்கிக்கொள்ளும், பிரஷ் அடியில் போகும். லைட், நம்பர் பிளேட், கண்ணாடி எல்லாம் மாஸ்கிங் டேப்பும் பழைய செய்தித்தாளும். டேப்பை எனாமல் முழுதாக இறுகுமுன் உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

கூரை முதலில், பிறகு பக்கங்கள், முகப்பு கடைசி. கை பழகிய பிறகு முகத்துக்கு வருவதுதான் காரணம். ரோலரால் ஒரு பலகைக்குப் பெயிண்ட்டைப் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷின் நுனியால், அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்துவிட வேண்டும். ரோலர் விட்ட நுரைக்குமிழ் உடையும், பிரஷ் கோடு தானாகப் படியும். பலகையின் நடுவில் நிறுத்தக் கூடாது, மடிப்போ விளிம்போ வருகிற இடத்தில்தான் நிறுத்தம். ஒருமுறை இழுத்த இடத்தைத் திரும்பத் தொடத் தோன்றும். தொடக்கூடாது. இந்த வேலையில் கற்க ரொம்ப நாள் எடுத்தது எனக்கு அதுதான்.

நிறத்தை மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் எழுதியிருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவையும் மாற்ற வேண்டும், 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றியது. எனக்கு வெள்ளை போதும். எந்தக் கடையிலும் அதே வெள்ளை கிடைக்கும், வெயிலில் கேபின் கொஞ்சம் குறைவாகச் சுடும். சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் பெயிண்ட்டை அப்பக் கூடாது, கிரைண்டரும் காட்டக் கூடாது. பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுக்கும்போது எழுத்து வர வேண்டும். ஒளிரும் பட்டைகளை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று புதிதாக ஒட்டிவிட வேண்டும். பழைய பட்டையின் மேலேயே பெயிண்ட் அடித்த வண்டிகளை ராத்திரி ரோட்டில் பார்த்திருக்கிறேன், பார்த்தது ரொம்பக் கிட்டத்தில்.

குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதுகிற வேலையை மட்டும் நான் செய்வதில்லை. அதற்குக் கை வேண்டும். ஸ்டிக்கர் வந்தபிறகு போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்டுகள் குறைந்துவிட்டார்கள், ஆனால் மார்க்கெட் பக்கம் தேடினால் ஒருவர் அகப்படுவார். மொத்தச் செலவில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்க எனக்கு மனக்கஷ்டம் இல்லை.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக மறுநாளே மூட்டை ஏற்றிவிடக் கூடாது. வாடகையை நினைத்துக் கை துறுதுறுக்கும். எனாமல் நன்றாக இறுகச் சில வாரம் எடுக்கும், அதுவரை தரையில் பழைய சாக்கை விரித்து ஏற்றுவேன், சோப்புப் போட்டுக் கழுவ மாட்டேன். மிச்சப் பெயிண்ட்டைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் ரெட் ஆக்சைடு, அரை அங்குல பிரஷ் எல்லாம் சேர்த்துச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கீறல் விழுந்த அன்று தேய்த்து ரெட் ஆக்சைடு, மறுநாள் ஒரு தொடு. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே ஏடு கட்டவைத்துவிடும்.