அட்டைக்கு வெளியே இரண்டு மாசம்

எங்கள் வீட்டுப் பீரோவில் இரண்டு காப்பீட்டு அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கின்றன. ஒன்று 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் வந்த திட்டத்துக்கானது. மற்றது 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. பழையது செல்லாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மா தூக்கிப்போட மாட்டாள். "ஆட்சி மாறுனா திரும்பச் செல்லும், கெடக்கட்டும்."

அப்பா ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். அங்கே நெய்வது பேண்டேஜ் துணி, ஆஸ்பத்திரிகளுக்குப் போவது. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுக்குப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்ததும் 108இல் மதுரைக்கு அனுப்பினார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் அம்மா கும்பிட்டாள். நான் பையில் அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டை செல்லுபடியானது. காப்பீட்டுத் திட்டத்தைக் கேலி செய்கிறவர்களோடு என்னால் முழுசாகச் சேர முடியாததற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

அந்த அட்டைக்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் வருமானம் 72,000தான். (பின்னால் வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். தெருவுக்கே ஒரே நாளில் சம்பள உயர்வு.)

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. மூணு மாசம் தறிப்பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர். போகாத நாளுக்குக் கூலி கிடையாது, அட்டையும் அதற்கு ஒன்றும் தராது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது ஆபரேஷனுக்கு இல்லை, அரிசிக்கு.

சித்தப்பா ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருக்கிறார். அவருக்கு இஎஸ்ஐ உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். மஞ்சள் காமாலையில் அவர் படுத்தபோது சம்பளத்தில் 70 சதவீதம் வந்தது. வருஷத்துக்கு 91 நாள் வரை அப்படி வாங்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. அப்பாவின் தறிக்கூடத்தில் நாலு பேர். நூற்கிறவருக்குக் காய்ச்சலுக்கும் சம்பளம், நெய்கிறவருக்கு நெஞ்சே நின்றாலும் இல்லை.

2018இல் ஆயுஷ்மான் பாரத் வந்து மாநிலத் திட்டத்தோடு இணைந்தது, தொகையும் 5 லட்சமானது. டீக்கடைச் சண்டை, அது மோடி கொடுத்ததா, எடப்பாடி கொடுத்ததா என்பது. படித்த நண்பர்களின் சண்டை வேறு: பிரீமியத்தைக் கொட்டுவதை விட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரியைப் பெரிசாக்கு என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபோது அந்த 108 பயணம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ரெண்டு சண்டையிலும் கூலியில்லாத நாட்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"இப்ப அஞ்சு லட்சம்ப்பா" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன்.

"அது ஆஸ்பத்திரிக்குத்தான?" என்றார்.

ரெண்டு மாசம் முடிந்த திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.