மேசைக்கு மேசை மாறும் சட்டம்

கடதாசி விளையாட்டு என்றாலே எங்கள் பெண்களுக்கு ஒரு கோபம் வரும். அது நியாயமான கோபம்தான். என் வேலையில் நான் காணும் குடும்பப் பிணக்குகளில், குடிக்கு அடுத்தபடியாக வருவது காசு வைத்து ஆடும் பழக்கம். ஆனால் அதே மேசையின் மறுபக்கத்தில், தான் ஆடாமல், சம்பளத்துக்குக் கடதாசி பகிரும் ஒரு பெண்ணை 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சந்தித்தேன். அவரோடு லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் வரை காரில் போனபோது கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

லொஸ் ஏஞ்சல்ஸில் என் மச்சாள் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி வியட்நாமைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நான் அவரை அக்கா என்றே அழைத்தேன். அதன் கருத்தைச் சொன்னதும் அவருக்கு அது பிடித்துக்கொண்டது. சிறுமியாக வள்ளத்தில் தப்பி, மலேசியாவின் புலாவ் பிடொங் தீவு முகாமில் இருந்து, பின்பு அமெரிக்கா வந்தவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் போக்கர் மேசையில் கடதாசி பகிர்ந்தே படிப்பித்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் லாஸ் வேகாஸில் உலக போக்கர் போட்டிகள் நடக்கும்போது அங்கே சில வாரங்கள் வேலைக்குப் போவார். அந்தக் காசுதான் வருடத்தின் காப்புறுதிக் கட்டணத்துக்கும் வீட்டு வரிக்கும் போகும்.

இரண்டு நகரங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 435 கிலோமீற்றர், பெரும்பகுதி பாலைவனம். மச்சாள் கட்டித் தந்த பிட்டும் சம்பலும் மடியில் இருந்தன. பார்ஸ்டோ என்ற ஊர் தாண்டியதும் ஒரு மரத்தைக் காண்பதே அரிது. பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானி நிற்கிறது. அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியை என்னிடம் தந்து, "வாசி, எனக்குப் பாடம் கேள்" என்றார்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விடுதியின் பெயரும் அதன் விதிகளும் இருந்தன. ஒரே விளையாட்டுக்கு இத்தனை சட்டமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் 304 ஆடும் வீடுகளிலும் 'எங்கள் வளவில் இப்படித்தான்' என்று சண்டை வருவது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இங்கே வித்தியாசம் என்னவென்றால், பிழை விட்டால் வேலை போய்விடும்.

போக்கரில் ஆடுபவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் காசு வைப்பார்கள். வென்றவர் நடுவில் குவிந்ததை எடுப்பார். விடுதி தன் பங்கை அறவிடும். அந்தப் பங்கை எடுப்பது கடதாசி பகிர்பவரின் கை. கலிபோர்னியாவில் அது குவியலின் வீதமாக இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆட்டம் தொடங்க முன்பே இத்தனை டொலர் என்று தீர்மானித்திருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் நெவாடாவில் குவியல் வளர வளர வீதப்படி எடுக்கலாம், ஆனால் நூற்றுக்கு 10க்கு மேல் போகக்கூடாது. ஆகவே அக்காவின் கை ஒரு மாநிலத்தில் ஒரு தரம் கணக்கிட்டால் போதும்; மற்றதில் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிட வேண்டும். அதுவும் ஒன்பது பத்துப் பேர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில்.

எல்லைக் கோட்டில் பிரிம் என்ற இடம் வந்தது. எர்ணஸ்ட் பிரிம் என்பவரின் குடும்பப் பெயர் அது. அவர் முதலில் லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே கார்டீனாவில் 1936இல் போக்கர் விடுதி நடத்தியவர். அந்தக் காலத்துக் கார்டீனாவில் கடதாசி பகிர ஊழியர் இல்லை. ஆடுபவர்களே மாறி மாறிப் பகிர்ந்தார்கள். விடுதி அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று இருக்கை வாடகை எடுத்தது. 1987இல் புதுவகைப் போக்கரும் சட்டத்துக்கு உட்பட்டது என்று தீர்ப்பு வந்த பிறகுதான் அக்காவைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை பெருகியது. ஒரு நீதிமன்றத் தீர்ப்பு எத்தனை அகதிக் குடும்பங்களுக்கு அடுப்பு மூட்டியது என்று எந்தப் புள்ளிவிபரத்திலும் நான் காணவில்லை.

கொப்பியில் எல்லா விடுதிக்கும் பொதுவாக இருந்தது ஒன்று. மேசையை விட்டு எழும்பும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, திருப்பிக் காட்ட வேண்டும். கையில் எதுவும் இல்லை என்று மேலே இருக்கும் கமெராவுக்குச் சொல்வது. எனக்கு அது அவமானமாகத் தோன்றியது. ஒவ்வொரு அரை மணித்தியாலமும் 'நான் கள்ளியில்லை' என்று கை விரிப்பதா?

அக்கா சிரித்தார். முன்பு ஓர் இடத்தில் 25 டொலர் சில்லு ஒன்று காணாமல் போயிற்றாம். ஆடியவர் அக்காவைக் காட்டிக் கத்தியிருக்கிறார். மேற்பார்வையாளர் கமெராப் பதிவைப் பார்த்தார். சந்தோசக் காசாக வந்த ஒவ்வொரு சில்லையும் அக்கா மேசை விளிம்பில் தட்டிக் காட்டிய பின்பே சேட்டுப் பையில் போட்டிருந்தார். எழும்பும்போது கை விரித்திருந்தார். சில்லு அந்த மனிதரின் கதிரைக்குக் கீழே கிடந்தது. "அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் நான் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன்" என்றார்.

வன்னியில் எங்கள் சிறுசேமிப்புக் குழு ஒன்றின் பொருளாளர், கணவரை இழந்தவர், பாயில் எல்லோர் முன்னாலும் இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டுவார். அவரையும் ஒருமுறை கதைத்திருக்கிறார்கள். பிறர் காசு புழங்கும் பெண்ணின் கையை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சந்தோசக் காசிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. லாஸ் வேகாஸில் பெரும்பாலான போக்கர் மேசைகளில் தனக்குக் கிடைத்தது தனக்கே. மற்றச் சூதாட்ட மேசைகளில் எல்லோருடையதையும் ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடுவார்கள். 2006இல் வின் என்ற விடுதி அந்தப் பங்கில் மேற்பார்வையாளர்களையும் சேர்த்தது. ஊழியர்கள் 2007இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள், வழக்கும் போட்டார்கள். 2013இல் நெவாடா உச்ச நீதிமன்றம் விடுதியின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு 2018இல், மேற்பார்வையாளர் ஊழியரின் சந்தோசக் காசில் கை வைக்கக்கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. பன்னிரண்டு வருடம்!

போட்டி நடந்த மண்டபத்தை வெளித் தடுப்பில் நின்று பார்த்தேன். 1970இல் ஒரு சிறிய விடுதியில் தொடங்கிய போட்டி, இப்போது மண்டபங்களை நிறைக்கிறது. சில்லுகளை விரலால் உருட்டும் சத்தம் மாரிகாலச் சில்வண்டுபோல விடாமல் கேட்டது. அக்கா கடதாசிகளை முகம் கீழாகப் பரப்பி மா குழைப்பதுபோல இரண்டு கையாலும் கலந்தார். அடுக்கி, இரண்டாகப் பிரித்துக் கோத்து, நிறப் பிளாஸ்ரிக் அட்டையின் மேல் ஒற்றைக் கையால் வெட்டி வைத்தார். அடியிலுள்ள கடதாசியை எவரும் கண்டுவிடக்கூடாது என்பதற்கே அந்த அட்டை.

போட்டியில் கைக்கு நேரே சந்தோசக் காசு கிடையாது. அங்குள்ள சில்லுகளைக் காசாக மாற்ற முடியாது. அரை மணித்தியாலக் கணக்கில்தான் சம்பளம்; நுழைவுக் கட்டணங்களில் ஊழியருக்கென ஒதுக்கிய பங்கும் வரும்.

அன்று அக்காவின் மேசையில் ஒரு வயதான வியட்நாம்காரர் இருந்தார். ஆட்டத்தின் நடுவே அவர் தன் மொழியில், மகளிடம் பேசுவதுபோல, அக்காவிடம் ஏதோ கேட்டார். மேசையில் ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும் என்பது விதி. இருவர் ஒத்துப்போய் மற்றவரை ஏமாற்றாதிருக்க. அக்கா ஆங்கிலத்திலேயே, "ஐயா, இங்கே ஆங்கிலம்" என்றார். முதியவரின் முகம் சுருங்கியது. சிறிது நேரத்தில், அவர் காவலாக எதையும் வைக்காத இரண்டு கடதாசிகளும் தவறுதலாகக் கழிவுக் குவியலுக்குள் இழுபட்டன. சில விடுதிகளில், எவை என்று அடையாளம் தெரிந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். 2001இல் நான்கு பேர், அவர்களில் லிண்டா ஜோன்சன், ஜான் பிஷர் என்ற இரண்டு பெண்கள், போட்டி நடத்துபவர்களுக்காகத் தொடங்கிய சங்கத்தின் விதியோ வேறு: தன் கடதாசியைத் தானே காக்க வேண்டும், பகிர்பவர் பிழை விட்டாலும் பரிகாரமில்லை. மேற்பார்வையாளர் வந்து அதையே சொன்னார். முதியவர் எழுந்து போனார்.

எனக்கு அது கொடுமையாகத்தான் பட்டது. சீராக்கப்பட்ட விதி ஊழியருக்கு நிம்மதி; அந்த மனிதருக்கு அல்ல.

இரவு அறைக்கு வந்ததும் அக்கா கால்களைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "பகிர முதல், காவலில்லாத கடதாசி இருந்தால், ஆளிடம் சொல்" என்று வாசித்துக் காட்டினார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று விடுதியின் சட்டத்தில் இருக்கிறதா என்றேன்.

"இல்லை" என்று சொல்லி, அந்த வரியின் கீழே இரண்டு கோடு இழுத்தார்.